மூன்று தந்திப் பெட்டி வாத்தியம்: எதை அப்படியே விடலாம், எதை இழைக்க வேண்டும்

மூன்றடி ரீப்பர் ஒன்று, ஒட்டுப்பலகை இரண்டு துண்டு, கிடார் தந்தி ஒரு செட், கிடார் சாவி (தந்தியை முறுக்குவது) மூன்று, அரை மீட்டர் பித்தளைக் கம்பி. வீட்டில் செய்யும் மூன்று தந்தி வாத்தியத்துக்கு முக்கியமான சாமான் இவ்வளவுதான். இதே சாமானில் இரண்டு கருவிகள் செய்த குறிப்பு இது. முதலாவது இரண்டு மத்தியானத்தில் முடிந்தது: கண்ணளவு, மூங்கில் சிம்பு மெட்டு, மேருவுக்குப் பதில் ஒரு போல்ட். இரண்டாவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் ஒலியை மாற்றிய வேலை ஒன்றரை நாள் வேலைதான், மிச்சமெல்லாம் கண்ணுக்கு.

தஞ்சாவூர் வீணையைப் பார்ப்பவருக்கு யாளி முகமும் குடத்தின் மேலுள்ள வேலைப்பாடும்தான் முதலில் கண்ணில் படும். யாளியைக் கழற்றிவிட்டு வாசித்தாலும் வீணை வீணையாகத்தான் ஒலிக்கும். குதிரை மேல் உட்காரும் தகட்டின் வளைவில் ஒரு மயிரிழை பிசகினால் அதே வீணை பேசாது. வீட்டுக் கருவிக்கும் கணக்கு அதுதான். தந்தி எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கே அரம் பிடிக்க வேண்டும். தொடாத இடத்தில் ரம்பத்தின் தடம் இருந்தாலும் பாதகமில்லை.

சொற்களில் குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை. கிடார்க்காரர்கள் நெக் என்பதை இங்கே தண்டி என்றே எழுதுகிறோம். ஃபிரெட் (விரல் அழுத்தும் இடத்தின் குறுக்குக் கம்பி) மெட்டு, பிரிட்ஜ் (பெட்டி மேல் தந்தியைத் தாங்குவது) குதிரை, நட் (தலைப் பக்கம் தந்தியைத் தாங்குவது) மேரு. எல்லாம் வீணைப் பட்டறைச் சொற்கள்.

பெட்டி

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சுருட்டுப் பெட்டியில் கிடார் செய்கிறார்கள். உறையூர்ச் சுருட்டு உலகப் புகழ் பெற்றதுதான், ஆனால் அந்த அளவில் மரப்பெட்டி தேடி அலைவதைவிட அடித்துக்கொள்வது சுலபம். வெளியளவு 300 × 200 × 70 மி.மீ. பக்கங்களுக்கு 12 மி.மீ. பலகை, எந்த மரமானாலும் சரி, காய்ந்திருக்க வேண்டும். மேல்மூடி 3 மி.மீ. ஒட்டுப்பலகை, அடி 4 மி.மீ. மூலைகளில் கோர்வை வெட்டத் தேவையில்லை. முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டி, உள்மூலையில் 15 மி.மீ. சதுரக் கட்டை வைத்தால் போதும். இரண்டாவது கருவிக்குப் புறாவின் வால் வடிவக் கோர்வை வெட்டியதில் ஒன்றரை நாள் போயிற்று. பெட்டி கூடுதலாக ஒலிக்கவில்லை.

மேல்மூடிதான் பேசுகிற தோல். 6 மி.மீ. பலகை போட்டால் உறுதியாக இருக்குமே என்று தோன்றும்; போட்டால் மேசையைத் தட்டுகிற சத்தம்தான் வரும். 3 மி.மீ. மூடியின் உள்பக்கம் இரண்டு கம்பு வேண்டும்: 6 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம், இரு நுனியிலும் 3 மி.மீ. ஆகச் சீவியது. இவற்றை எந்தத் திசையில் ஒட்டுவது என்பதில்தான் முதல் கருவி சறுக்கியது. குதிரைக்கு நேர் கீழே குறுக்காக ஒரே கம்பு ஒட்டினோம். பெட்டிக்குள் நீளமாக ஓடும் தண்டி அந்தக் கம்பை முட்டியது. தந்தியைத் தட்டினால் 'டொக்' என்று விழுந்து அணைந்தது. காரணம் தெரியாமல் தந்தியை மாற்றி, குதிரையை மாற்றி, கடைசியில் அடிப்பலகையைத் திறந்து பார்த்தபோதுதான் கம்பின் முதுகில் தண்டி அழுத்திய பளபளப்பு தெரிந்தது.

சரியான வழி: இரண்டு கம்பும் நீளவாக்கில், தண்டிக்கு இரு பக்கமும், ஒன்றுக்கொன்று 60 மி.மீ. இடைவெளியில். குதிரையின் நீளம் 80 மி.மீ. இருந்தால் அதன் இரு கால்களும் இந்தக் கம்புகளின் மேல் வந்து உட்காரும். பாரம் கம்புக்குப் போகும், நடுவில் மூடி அதிரும், தண்டிக்கு இடம் கிடைக்கும்.

ஓட்டை விஷயத்தில் அவசரம் கூடாது. இந்த அளவுப் பெட்டிக்குள் ஏறக்குறைய 3 லிட்டர் காற்று. 40 மி.மீ. வட்ட ஓட்டை போட்டால் அந்தக் காற்றின் சொந்த அதிர்வு கணக்குப்படி 190 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. பஞ்சமத் தந்தியை 196-இல் கூட்டப் போகிறோம். அந்த ஒரு சுரம் மட்டும் குபுக்கென்று எழுந்து சட்டென்று அடங்கும். மற்றவை ஒல்லியாக நிற்கும். 30 மி.மீ. ஓட்டைக்கு 160 பக்கம் இறங்கிவிடுகிறது, எந்தத் தந்தியின் மேலும் நேராக விழாது. சின்ன ஓட்டையைப் பெரிதாக்கலாம், பெரியதைச் சின்னதாக்க முடியாது. ஓட்டையின் இடம் முக்கியமில்லை. குதிரையிலிருந்தும் கம்புகளிலிருந்தும் தள்ளி ஒரு மேல் மூலையில் இருக்கட்டும்.

அடிப்பலகையை ஒட்டவே கூடாது. எட்டு சின்ன ஸ்குரூ. மேலே சொன்ன கூத்தைத் திறந்து பார்க்க முடிந்தது அதனால்தான்.

தண்டி

மரவாடியில் 'ரெண்டுக்கு ஒண்ணு' என்று கேட்டால் 2 × 1 அங்குல ரீப்பர் கொடுப்பார்கள். தேக்கு நல்லது. வீணைப் பட்டறையில் பலாத் துண்டு கிடைத்தால் அதுவும் நல்லதுதான். ஆனால் இந்தக் கருவியில் தண்டியின் வேலை வளையாமல் நிற்பது, அவ்வளவே. பலாவின் பெருமை குடத்தில். இங்கே குடமே இல்லை. பச்சை மரம் மட்டும் ஆகாது. நுனியிலிருந்து பார்க்கும்போது ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக வரும் துண்டாகப் பொறுக்கி எடுங்கள். தட்டையாக வந்தால் ஐப்பசி மழையில் முறுக்கிக்கொள்ளும்.

அளவு: 850 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம். இதில் தலைக்கு 150, மேருவிலிருந்து குதிரை வரை 600, குதிரைக்குப் பின்னால் பெட்டி விளிம்பு வரை 75, வெளியே நீட்டிக்கொண்டிருக்க 25. தண்டி பெட்டியை ஊடுருவிப் போகிறது, மூடியின் மேல்மட்டமும் தண்டியின் மேல்மட்டமும் ஒன்று. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் பகுதியை மேல்பக்கம் 6 மி.மீ. இறக்க வேண்டும்: 3 மூடியின் கனம், 3 காற்றோட்டம். இந்த 3 மி.மீ.யில் கஞ்சத்தனம் பண்ணினால் தந்தி ஏற்றியபின் மூடி இறங்கித் தண்டியைத் தொட்டுவிடும். தலைப் பகுதியை மேல்பக்கம் 10 மி.மீ. இறக்கி 15 மி.மீ. கனமாக்கினால் கிடார் சாவியின் கால் சரியாக நிற்கும், தந்தியும் மேருவின் மேல் அழுந்திப் போகும்.

தண்டியின் மேல் 5 மி.மீ. கனத்தில் மெட்டுப் பலகை ஒன்று ஒட்டுகிறோம், பெட்டி விளிம்பு வரை மட்டும். முதல் கருவியில் இது இல்லை. மெட்டுகள் தண்டி மேலேயே. விளைவு: குதிரை 6 மி.மீ. உயரத்தில் முடிந்துவிட்டது. தந்தி அதன்மேல் வளையாமல் சும்மா படுத்துக் கிடந்தது. பலமாகத் தட்டினால் குதிரையே நகர்ந்தது. 5 மி.மீ. பலகை வந்ததும் குதிரை 11 மி.மீ. ஆயிற்று. பின்பக்கம் 75 மி.மீ. தூரத்தில் 11 மி.மீ. இறக்கம் என்றால் 8 டிகிரிச் சரிவு. மூன்று தந்தியும் சேர்ந்து குதிரையை இரண்டரைக் கிலோ அளவுக்கு அழுத்தும். அது போதும், 3 மி.மீ. மூடி அதைத் தாங்கும். வீணையில் மெட்டுகள் தண்டிக்கு மேலே மெழுகுச் சுவரில் ஏறி நிற்பதற்கும் ஒரு காரணம் இதுவே: குதிரைக்கு உயரம் கிடைக்கிறது.

தந்தி

'லைட்' என்று விற்கும் கிடார் தந்தி செட்டில் மெல்லிய மூன்று போதும்: 12, 16, சுற்றுத் தந்தியான 24 (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஒரு கட்டைச் சுருதியில் (கிடார்க்காரர்களின் C) மேல் ஸட்ஜம், பஞ்சமம், கீழ் ஸட்ஜம். 600 மி.மீ. நீளத்தில் ஒவ்வொன்றும் 5 முதல் 6 கிலோ இழுக்கும், மொத்தம் ஏறக்குறைய 16 கிலோ. மூன்று தந்தியும் ஏறக்குறைய ஒரே இழுவையில் இருப்பதால் தண்டி ஒரு பக்கமாக முறுக்காது. ஐந்து கட்டைக்குப் பாடுகிறவர்கள் இதையே ஏற்றிக் கூட்ட வேண்டாம். அறுந்து முகத்தில் அடிக்கும். நீளத்தைக் குறைத்து வேறு தண்டி செய்வதுதான் முறை.

மெட்டு

ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு. மேருவின் விளிம்பிலிருந்து, 600 மி.மீ. நீளத்துக்கு: 33.7, 65.5, 95.5, 123.8, 150.5, 175.7, 199.5, 222.0, 243.2, 263.3, 282.2, 300.0. எல்லா அளவும் மேருவிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. பிசகு சேர்ந்து, மேல் ஸட்ஜம் வேறு ஊருக்குப் போய்விடும். வேறு நீளம் வேண்டுமென்றால் மீதியிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டுக்கான தூரம் வரும்; அதை முந்தைய அளவோடு கூட்டிக்கொண்டே போங்கள்.

முதல் கருவியின் மூங்கில் சிம்புகள் மோசமில்லை. நன்றாக முற்றிய மூங்கிலைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டுக் காயவைத்தால் உளுக்காது, மேல்தோல் பக்கம் கல் மாதிரி இருக்கும். ஆனால் எஃகுத் தந்தி அதில் சீக்கிரமே பள்ளம் பறித்துவிடும். பழக்கத்துக்கும் பிள்ளைகளுக்கும் சரி.

பித்தளைக் கம்பி 2 மி.மீ. கனம். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளில் விசாரித்தால் துண்டாகவே கிடைக்கும். மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து, முக்கோண அரத்தால் அரை மி.மீ. ஆழத்துக்குச் சாலெடுத்து, கம்பியை வைத்துத் துளி அளவு உடனடிப் பசை. 1.5 மி.மீ. வெளியே நிற்கும். கம்பியை முதலில் நேராக்கிக்கொள்ள வேண்டும்: இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தி உருட்டினால் நேராகும். வளைந்த கம்பியை ஒட்டி ஒட்டி நேராக்கப் பார்த்தால் நடுவில் தூக்கிக்கொண்டே இருக்கும்.

ஒட்டி முடித்ததும் தட்டையான கண்ணாடித் துண்டில் 320 எண் உப்புத்தாளை ஒட்டி, மெட்டுகளின் தலை மேல் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். முன்னதாக எல்லா மெட்டுத் தலையிலும் மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிடுங்கள். நாலு தேய்ப்பில் எந்த மெட்டு உயரம், எது பள்ளம் என்பது கறுப்பு போகிற விதத்திலேயே தெரிந்துவிடும். எல்லாத் தலையிலும் ஒரு கீற்று பளிச்சென்று வரும்வரை தேய்த்து, பிறகு ஒவ்வொன்றின் முதுகையும் மறுபடி உருட்டிவிட வேண்டும். இது அரை நாள் வேலை. ஒன்பது நாளில் உருப்படியான அரை நாள்.

வீணை போல மெழுகில் மெட்டு வைத்தால் என்ன என்று ஒரு ஆசை வரும். தேன்மெழுகோடு கரித்தூள் கலந்த அந்த மெழுகின் அருமை, சுரம் பிசகினால் சூடு காட்டி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம் என்பது. ஆனால் 38 மி.மீ. அகலத் தண்டியில் மெழுகுச் சுவருக்கு அகலம் போதாது. பெருவிரல் பட்டுப் பட்டுக் கரையும். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். அதற்கு வெகு முன்னமே இளகும். அக்கினி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் அவ்வளவுதான். அகலமான தண்டி, வீட்டைவிட்டு வெளியே போகாத கருவி என்றால் முயலலாம்.

மெட்டே வேண்டாம் என்பதும் ஒரு வழி, கட்டுவதில் ஆகச் சுலபமான வழி. கோட்டுவாத்தியம் அப்படித்தான்; திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் வாசித்தது மெட்டில்லாத தண்டியில், கையில் ஒரு கட்டையை வைத்துத் தந்தி மேல் வழுக்கி. செய்பவர் கையிலிருந்து கழித்த நுணுக்கமெல்லாம் வாசிப்பவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. மெட்டில்லாமல் செய்வதானால் தந்தி உயரமாக இருக்க வேண்டும், 6 மி.மீ. வரைக்கும், 6 மி.மீ. போல்ட் மேருவாகக் கச்சிதமாகப் பொருந்தும். முதல் கருவியில் மேருவுக்குப் பதில் போல்ட் வைத்தோமே, அது மெட்டு வைத்த தண்டியில் இருந்ததுதான் குற்றம்.

மேரு

மெட்டு வைத்த தண்டிக்கு மேரு 5 மி.மீ. கனமுள்ள எலும்புத் துண்டு அல்லது பித்தளைப் பட்டை. தந்திக்கு மூன்று சால்: நடுவில் ஒன்று, இரு புறமும் 13 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று. சால் போடும் அரம் கடையில் தேடிக் கிடைக்காது. பழைய தந்தித் துண்டைச் சுற்றி 400 எண் உப்புத்தாளை ஒரு சுற்றுச் சுற்றி, அதையே அரமாக இழுக்கலாம். சுற்றுத் தந்தியை அப்படியே வெறுமனே இழுத்தாலும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

சால் தலைப் பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். தண்டிப் பக்க விளிம்புதான் உச்சி. மாறிப்போனால் திறந்த தந்தி மட்டும் 'ஞொய்' என்று சிணுங்கும், மெட்டில் அழுத்தினால் சிணுங்காது. இந்தக் குறியைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், மேருதான்.

ஆழம் எவ்வளவு என்பதற்கு அளவுகோல் உதவாது. இரண்டாவது மெட்டுக்கும் மூன்றாவது மெட்டுக்கும் நடுவில் தந்தியை அழுத்துங்கள். இப்போது முதல் மெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் உரசிக்கொண்டு நுழைய வேண்டும். தாராளமாக நுழைந்தால் சால் இன்னும் இறங்க வேண்டும். இறக்காமல் விட்டால் முதல் இரண்டு மெட்டிலும் சுரம் ஏறித்தான் பேசும், சாதாரண ரிஷபமே சந்தேகமாக இருக்கும். நுழையவே இல்லை என்றால் கடந்துவிட்டீர்கள். அப்போது எலும்புத் தூளைச் சாலில் போட்டு உடனடிப் பசை ஒரு சொட்டு விட்டுக் கெட்டியானதும் மறுபடி அறுக்கலாம். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை சோதிப்பதுதான் பாதுகாப்பு. கடைசிக் கால் மி.மீ. எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் போய்விடும்.

குதிரை

கருங்காலி, ஈட்டி, புளிய வைரம், எந்தக் கெட்டி மரமும் ஆகும். 80 மி.மீ. நீளம், 10 மி.மீ. கனம், 13 மி.மீ. உயரத்தில் ஆரம்பித்துத் தேய்த்து இறக்குவது. 12-ஆவது மெட்டின் தலைக்கும் தந்திக்கும் 2.5 மி.மீ. இருக்கும்போது நிறுத்தலாம், 2-க்கு இறக்கினால் பலமாக மீட்டும்போது மெட்டில் உரசும், 4 என்றால் அழுத்தும்போதே சுரம் ஏறிவிடும்.

ஒட்டக்கூடாது. தந்தி அழுத்தத்திலேயே நிற்கட்டும். இடம் கண்டுபிடிக்க: 12-ஆவது மெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டும் மணி ஒலி, அதே மெட்டில் அழுத்தி மீட்டும் சுரம், இரண்டும் ஒன்றாக வேண்டும். அழுத்தியது ஏறிப் பேசினால் குதிரை பின்னால் போக வேண்டும். மெல்லிய தந்திக்கு ஏறக்குறைய 2 மி.மீ., சுற்றுத் தந்திக்கு 4 வரை போகும், ஆகவே குதிரை கொஞ்சம் சாய்ந்துதான் உட்காரும். நேராக வைத்தால் அழகாக இருக்கும் என்று நேராக்கிவிடாதீர்கள்.

மேல்விளிம்பில்தான் இரண்டாவது கருவியின் மற்றொரு நாள் போயிற்று, போனது தகும். மேல் ஸட்ஜத் தந்திக்குக் கீழே தண்டிப் பக்க விளிம்பு கூராக இருக்க வேண்டும். சுரம் தெளிவாக நிற்கும். பஞ்சமமும் கீழ் ஸட்ஜமும் சும்மா சுருதி கூட்டப் போகிறவை; அவற்றின் கீழே தம்பூரா மாதிரி 10 மி.மீ. அகலத்தையும் விட்டு, மேலே 1 மி.மீ. பித்தளைத் தகடு வைத்து, தண்டிப் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவு கொடுத்தோம். அதில் ஒரு பஞ்சு நூல், தந்திக்கும் தகட்டுக்கும் நடுவில். நூலை இழுத்துக்கொண்டே தந்தியை மீட்டினால் ஒரு இடத்தில் ஜீவாளி (தம்பூராவின் ரீங்காரம்) திறந்துகொள்ளும். அந்த இடம் அரை மி.மீ. அகலம்கூட இருக்காது. கிடைக்கவே இல்லை என்றால் வளைவு அதிகம். தகட்டை 600 எண் தாளில் நாலு முறை தேய்த்துவிட்டு மறுபடி நூல் போட வேண்டும். வளைவு போதாமல் தட்டையாக இருந்தால் தந்தி முழுக்க இரையும், நூல் எங்கே போனாலும் ஒரே மாதிரி.

இதற்குப் பிறகு முதல் கருவியை எடுத்து, மெட்டுப் பலகை ஒட்டி, மேரு, மெட்டு, குதிரை மூன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோம். திரும்பி நின்று கேட்டால் எது எது என்று சொல்ல முடியவில்லை. பாலிஷ் போட்ட கருவிக்குப் பார்வை மட்டும் அதிகம்.

பாலிஷ் பற்றி: அரக்கைச் சாராயத்தில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ் மூடிக்கு இரண்டு கை, மற்ற இடத்துக்கு எத்தனை வேண்டுமானாலும். எனாமல் பெயிண்ட் மூடியில் கூடாது. மூன்று கை எனாமல் போட்ட 3 மி.மீ. மூடி, 6 மி.மீ. மூடி மாதிரிதான் பேசும்.

பிரடையும் மழையும்

கிடார் சாவிக்குப் பதில் மரப் பிரடை வைக்க விரும்புகிறவர்களுக்கு: 30-க்கு 1 என்ற சரிவில் பிரடையும் துளையும் ஒன்றோடொன்று முழு நீளமும் பொருந்த வேண்டும். ஒரு முனையில் மட்டும் பிடித்தால் நழுவும். டெல்டாவில் இது இரட்டைத் தொந்தரவு. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊதிப் பிரடை இறுகும், சித்திரை வெயிலில் சுருங்கித் தந்தியை விட்டுவிடும். இறுகினால் உலர்ந்த சோப்பு, நழுவினால் சாக்கட்டி. இரண்டையும் கலந்து தடவுகிறவர்களும் உண்டு. எஃகுத் தந்திக்கு, மூன்றே தந்திக்கு, சாவியே மேல். இங்கே பழமைக்குக் கொடுக்கிற விலை அதிகம்.

தண்டியின் வால் முனையில் மூன்று 2.5 மி.மீ. துளை, தந்தியின் குண்டு நிற்க உள்ளே ஒவ்வொரு வாஷர். மூடியின் பின்விளிம்பில் பித்தளைப் பட்டை ஒன்று மடித்து வைக்காவிட்டால் தந்தி ஒட்டுப்பலகையைச் சீஸ் மாதிரி அறுத்துக்கொண்டு போய்விடும்.

தந்தி ஏற்றியதும் முழுச் சுருதிக்குப் போக வேண்டாம். முதல் நாள் இரண்டு சுரம் குறைவாக, மறுநாள் முழுதாக. ஒரு வாரத்தில் மூடி அரை மி.மீ. போல அமுங்கும். 12-ஆவது மெட்டில் உயரத்தை மறுபடி பார்த்து, குறைந்திருந்தால் குதிரையின் காலுக்குக் கீழே மெல்லிய மரச்சீவல் வைக்கலாம். கடைசி அளவுகளை, மேரு, 12-ஆவது மெட்டு, குதிரை மூன்றின் உயரத்தையும் தந்தி எண்களையும், அடிப்பலகையின் உள்பக்கம் பென்சிலால் எழுதி, எட்டு ஸ்குரூவையும் முடுக்கிவிடுங்கள்.